பச்சை டப்பா மட்டும் வேண்டாம்

— பச்சையை மட்டும் விட்டுடு மார்லிஸ். சிவப்பு எடு, நீலம் எடு, ரெண்டையும் சுட்டுப் பாரு. பச்சை உன் துப்பாக்கிக்கு ஒத்தே வராது.

— சுடாமயே எப்படிய்யா தெரியும்? ஹோபர்ட், நீங்க சொல்லுங்க. முப்பது வருஷமா இந்தக் கல்லாவுல உக்காந்திருக்கீங்க. பச்சைக்கு என்ன குறைச்சல்?

— எனக்கென்ன தாயி, நான் வெறும் கடைக்காரன். மூணுமே ஃபேக்டரியில செஞ்ச போட்டித் தோட்டா. மூணுமே ஆறரை மில்லிமீட்டர், குண்டு எடையும் ஒண்ணுதான். உன் குழலுக்கு எது பிடிக்குதோ அதுதான் நல்ல தோட்டா. அதைத் துப்பாக்கிதான் வாயைத் திறந்து சொல்லணும். பின்னால சுடற மேடை காலியாத்தான் கிடக்கு.

— சும்மா கேட்டேன். எனக்கென்ன தெரியும்? வீட்டுலயே நிபுணரை வெச்சுக்கிட்டு, பதினோரு வருஷமா கடைத் தோட்டா பக்கமே தலை வெச்சுப் படுக்காதவ நான். அவர் ராவும் பகலும் கராஜ்ல உக்காந்து, ஒவ்வொண்ணா வெடிமருந்து நிறுத்து, கையால அடைச்சுக் குடுத்தாரு. நான் சுட்டேன். அவ்வளவுதான்.

— சரி சரி, விடு மார்லி.

— ஏன் விடணும்? ஊரே சொல்லுது. நான் கோப்பை வாங்கினா உன் கையைப் பிடிச்சுக் குலுக்கறாங்க. இப்ப அந்தக் கையைப் போய் ஒடைச்சுக்கிட்டு வந்து நிக்கற. சனிக்கிழமை கேஸ்பர்ல மாநிலப் போட்டி!

— நானா ஒடைச்சுக்கிட்டேன்? கன்னுக்குக் காதுல நம்பர் மாட்டும்போது அது உதைச்சா நான் என்ன பண்ணுவேன்?

— ஆறு மாசக் கன்னு கூட இல்ல ஹோபர்ட். பொறந்து ஆறு நாள். அதுகிட்ட உதை வாங்கியிருக்காரு.

— டேய் டெல்மர், நெசமாவா?

— அதுக்குக் காலு நீளம்.

— நான் போய் இந்த ரெண்டையும் சுட்டுட்டு வரேன். டப்பாவுக்கு அஞ்சு. வேகம் அளக்கற மெஷின் மேடையில இருக்கா?

— இருக்கு தாயி. நூறு கஜத்துல குறி அட்டையும் புதுசா மாட்டியிருக்கேன். காதுக்கு மறக்காம மாட்டிக்க.

— சரி. டெல்மர், அந்த ருபார்ப் பலகாரம் முழுசையும் தின்னுடாத. ஹோபர்ட்டுக்காகக் கொண்டு வந்தது.

— போயிட்டாளா?

— போயிட்டா. கதவைச் சாத்திட்டேன். ஏண்டா இப்படி வேர்த்துக் கொட்டுது உனக்கு?

— ஏன் கேக்க மாட்டீங்க? எதுக்கு அந்தப் பச்சை டப்பாவை வெளிய எடுத்து வெச்சீங்க? உள்ள தள்ளி வெச்சிருக்கக் கூடாதா? அதுல ஒரு தோட்டாவைக் கையில எடுத்தாள்னா போதும். பதினோரு வருஷமா சுட்ட தோட்டா. அதே பித்தளை, அதே குண்டு, அடியில அதே பச்சை வளையம். ஒரு நொடியில கண்டுபிடிச்சுடுவா.

— அந்தம்மா ஃபேக்டரித் தோட்டா வாங்கணும்னு கேட்டு வந்தாங்க. இருக்கறதை எடுத்து வெச்சேன். நான் வெறும் கடைக்காரன்.

— பதினோரு வருஷமா எங்கிட்ட வித்தது யாரு? வெறும் கடைக்காரனா?

— நீ கேட்ட, வித்தேன். டப்பாவுலேர்ந்து எடுத்து உன் பிளாஸ்டிக் பெட்டியில அடுக்கி, மேல ‘மார்லிஸ் ஸ்பெஷல்’னு சீட்டு ஒட்டச் சொன்னது நானா?

— மெதுவாப் பேசுங்க!

— வெளிய வெடி வெச்சுக்கிட்டு இருக்காங்கடா. கேட்டியா? ஒண்ணு. எங்க கேக்கப் போகுது? எனக்கு ஒரே ஒரு சந்தேகம், ரொம்ப நாளா. தினம் ரெண்டு மணி நேரம் கராஜ்ல உக்காந்து என்னதான் பண்ணுவ?

— ரேடியோவுல பேஸ்பால் கேப்பேன்.

— ரெண்டு மணி நேரமுமா?

— ஆட்டம் இல்லாத நாள்ல தூங்குவேன். நோட்டுல ஏதாவது எழுதி வெப்பேன், அவ பாத்தா நம்பறதுக்கு. ‘இன்னிக்கு மருந்து ஒரு துளி குறைச்சேன்’ அப்படி இப்படின்னு. சிரிக்காதீங்க ஹோபர்ட். எனக்கு எவ்வளவு அசிங்கமா இருக்கும் தெரியுமா? போன வருஷம், மார்லியோட போட்டி போடறாளே அந்த ட்ரூடி, அவ புருஷன் எங்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி ரெண்டு தோட்டா வாங்கிட்டுப் போயி, பிரிச்சு, மருந்தைத் தராசுல நிறுத்துப் பாத்திருக்கான். மறுநாள் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘டெல்மர், இது கை இல்லடா, மெஷின்டா’ங்கறான்.

— ஹா! சரியாத்தானே சொல்லியிருக்கான்!

— எனக்கு அழுகையே வந்துடுச்சு.

— அஞ்சு முடிஞ்சுது. அடுத்த டப்பாவுக்கு மாத்தறாங்க. ஏண்டா, முதல் வருஷமே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?

— அது வந்து... எப்படிச் சொல்றது? சாமான் எல்லாம் நான் ஆசைப்பட்டு வாங்கினது. குளிர்காலம் பூராவும் உக்காந்து நெசமாவே அடைச்சேன். அதை எடுத்துக்கிட்டுப் போயி அவ பதினாலாவது வந்தா. நான் போட்ட மருந்து ஒண்ணுல கூட, ஒண்ணுல குறைச்சல். ஒரு தோட்டா செகண்டுக்கு முப்பது அடி வேகம் கூடப் போனா, ஆயிரம் கஜத்துல ஒரு சாண் மேல போய் விழும். அவ கையில தப்பே இல்ல, எல்லாம் என் தப்பு. ஆனா என்ன சொன்னா தெரியுமா? ‘காத்து சரியில்ல டெல்மர், உன் தோட்டா அருமை’ன்னா. அந்த மூஞ்சியைப் பாத்து எப்படி உண்மையைச் சொல்லுவேன்? அடுத்த வாரம் இங்க வந்தேன், நீங்களே பச்சை டப்பாவைத் தூக்கிக் காட்டினீங்க. சாமியா வந்தீங்க அன்னிக்கு.

— நான் சாமியெல்லாம் இல்லடா.

— ஆனா ஒண்ணு, நான் சும்மா வாங்கல. அதை நீங்களே சொல்லணும். ஒவ்வொரு ஏப்ரலும் பச்சையில, ஃபேக்டரியில வேற வேற தடவை செஞ்ச மூணு லாட் இறக்கச் சொல்லி, துடைக்கறேன்னு அவ துப்பாக்கியைத் தூக்கிட்டு வந்து, இதே மேடையில லாட்டுக்கு இருபது சுட்டுப் பாத்து, நல்லதைப் பொறுக்கி, அந்த நம்பர் போட்ட டப்பா அத்தனையும் அள்ளிட்டுப் போவேன். இந்தத் தடவைதான் கை ஒடைஞ்சு வர முடியல. அது மட்டும் பொய் இல்ல.

— அது பொய் இல்லதான். கதவு சத்தம் கேக்குது, வாயைத் துடை. பலகாரம் ஒட்டியிருக்கு.

— இந்தா, அட்டையைப் பாருங்க ரெண்டு பேரும். சிவப்பு வேலைக்கு ஆகாது. கோழி கிளறின மாதிரி கிடக்கு.

— அச்சச்சோ. நீலம்?

— நீலம் பாக்கறதுக்கு அழகு. அஞ்சும் ஒரே இடத்துல, ஒரு அங்குலத்துக்குள்ள. ஆனா வேகத்தைப் பாரு. குறைஞ்சதுக்கும் கூடினதுக்கும் முப்பத்தெட்டு அடி வித்தியாசம்.

— நூறு கஜத்துல அது தெரியாது தாயி.

— தெரியாது. ஆயிரத்துல தெரியும். பச்சையையும் ஒரு அஞ்சு போட்டுப் பாத்துடட்டுமா?

— வேண்டாம்! அதாவது... எதுக்கு வீணா? குழல் சூடாயிருக்கும். தோள் வலிக்கும் உனக்கு.

— பத்து வெடிக்கா தோள் வலிக்கும்?

— தாயி, பச்சை வேணும்னா இப்பவே சொல்லிடு. அந்த லாட்ல ஆறு டப்பாதான் இருக்கு. ஷெரிடன்லேர்ந்து ஒருத்தர் போன் பண்ணினாரு. மத்தியானம் வந்து ஆறையும் எடுத்துக்கறேன்னாரு. அடுத்த லாட் ஜூலைக்குத்தான்.

— நீ என்ன சொல்ற டெல்மர்? நீதான் தோட்டா தெரிஞ்சவன். மூணு வருஷமா ட்ரூடிகிட்ட ரெண்டாவது வந்தாச்சு. இந்தத் தடவை ஜெயிச்சா மாநில அணி. எனக்கு அம்பத்தெட்டு வயசு, இன்னொரு தடவை இப்படிக் கை நிக்கும்னு சொல்ல முடியாது. ஷெரிடன்காரன் வர்றதுக்குள்ள சொல்லு. பச்சையா, நீலமா?

— அது வந்து...

— உன் வார்த்தைதான். பதினோரு வருஷமா அதை நம்பித்தான் சுடறேன்.

— நீலம்... நீலம் பரவாயில்லதான்.

— சரி. ஹோபர்ட், நீலத்துல எட்டு டப்பா பில் போடுங்க. பச்சையை அந்த ஷெரிடன்காரருக்கே குடுத்துடுங்க.

— போட்டுடவா தாயி? நல்லா யோசிச்சுக்க.

— இவர் சொல்லிட்டாரே, அப்புறம் என்ன யோசனை? போடுங்க.

— நிறுத்துங்க. ஹோபர்ட், பில்லு போடாதீங்க. மார்லி, இங்க பாரு. பச்சையை எடு. ஆறு டப்பாவையும் எடு.

— இப்பத்தானே ஒத்தே வராதுன்ன?

— ஒத்து வரும். அதைத் தவிர வேற எதுவும் உன் துப்பாக்கிக்கு ஒத்து வராது.

— சுடாமயே எப்படிய்யா தெரியும்?

— ஏன்னா பதினோரு வருஷமா நீ அதைத்தான் சுடற. நான் எதையும் அடைக்கல. முதல் வருஷம் அடைச்சதோட சரி. அப்புறம் எல்லாம் இங்க வாங்கினது. டப்பாவை மாத்தி, சீட்டு ஒட்டி, என் கைவேலைன்னு உன்கிட்ட குடுத்தேன். உன் கோப்பை எதுலயும் எனக்குப் பங்கில்ல, அத்தனையும் நீ சுட்டது. நான் கராஜ்ல பேஸ்பால் கேட்டுக்கிட்டு இருந்தேன். சனிக்கிழமை நீ ஜெயிக்கணும் மார்லி. அதுக்கப்புறம் என்னை என்ன வேணா திட்டு. கராஜ்லயே படுத்துக்கறேன்.

— அங்கதான் மெத்தை எல்லாம் போட்டு வசதியா இருக்கே.

— மெத்தை... அது உனக்கு எப்படித் தெரியும்?

— குறட்டை சமையக்கட்டு வரைக்கும் கேக்குது. ஏன்ப்பா டெல்மர், ஒவ்வொரு போட்டி முடிஞ்சும் காலி பித்தளையைக் குனிஞ்சு பொறுக்கறது யாரு? நான். வீட்டுல அடைச்ச தோட்டாவுக்கு அடியில பச்சை வளையம் எங்கேர்ந்து வரும்? ஃபேக்டரி மெஷின்தான் அதைப் பூசும். நீ என்ன நகப்பாலிஷ் வெச்சுப் பூசினியா?

— அப்ப... தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டே இப்படி நிக்க வெச்சு வேடிக்கை பாத்தியா?

— ரெண்டு மணி நேரம் வீடு அமைதியா இருந்துச்சு. நான் எதுக்கு வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கணும்? இந்தா, என் பையில இந்த அட்டை இருக்கு பாரு. திங்கக்கிழமையே வந்து பச்சையில அஞ்சு சுட்டாச்சு. பத்து சென்ட் காசை வெச்சா அஞ்சு ஓட்டையும் மறைஞ்சுடும். வேக வித்தியாசம் பன்னெண்டு அடி.

— பன்னெண்டா! அடேங்கப்பா. நல்ல லாட்டு. ரொம்ப நல்ல லாட்டு... அப்போ மத்தியானம் வர்ற ஷெரிடன்காரன்?

— அப்படி ஒருத்தன் இல்லடா. ஆறு டப்பாவும் திங்கக்கிழமையே மார்லிஸ் பேர்ல எடுத்து வெச்சாச்சு. இப்படிச் சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். நான் வெறும் கடைக்காரன்.

— ஹோபர்ட்! நீங்களுமா?

— அவரைத் திட்டாத. நீயா சொல்றியா இல்லையான்னு பாக்கணும்னு இருந்துச்சு எனக்கு. நீலம்னு சொன்னப்ப ‘போச்சுடா’ன்னு நினைச்சேன், போ. அப்புறம் சொல்லிட்டல்ல, அது போதும். இன்னொண்ணு கேட்டுக்க. லாட் பொறுக்கறதுல உன்னை அடிச்சுக்க இந்த வயோமிங்லயே ஆள் கிடையாது. நான் திங்கக்கிழமை மூணு லாட்டையும் வெச்சுக்கிட்டுத் திணறினேன், மத்தியானம் ஆயிடுச்சு. அடுத்த ஏப்ரல் ரெண்டு பேருமா வருவோம், ஒளிச்சு மறைச்சு வேண்டாம்.

— மார்லி, நெசமாச் சொல்லு. எந்த வருஷம் கண்டுபிடிச்ச? எத்தனை நாளா தெரியும் உனக்கு?

— கண்டுபிடிக்கறதுக்கு என்ன இருக்கு? நான் பதினாலாவது வந்தனே, அன்னிக்கு ராத்திரி நீ சோறு கூடத் திங்கல. விடிஞ்சதும் இதே கல்லாவுக்கு முன்னால நின்னு, ‘ஹோபர்ட், அடுத்த தடவை என் புருஷன் வந்தா, அந்தப் பச்சை டப்பாவை நீங்களா எடுத்துக் காட்டற மாதிரி காட்டுங்க, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க’ன்னு கெஞ்சினவ நான்தான்யா.