காளியம்மா வீட்டு வாசலில் பூஜ்யம்

நீங்கள் வரவழைத்துக் கொடுத்த தேநீர் நன்றாக இருக்கிறது, சார். இலையைப் பத்து நிமிஷம் கூடுதலாகப் புளிக்க விட்டுவிட்டார்கள், வாசனையிலேயே தெரிகிறது. குறை சொல்லும் அளவுக்கு இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் புளிக்க வைக்கும் அறையில் இருபத்திரண்டு வருஷம் நின்றவன் நான். அரைத்த இலையின் பச்சை வாடை பழ வாசனையாக மாறும் நேரத்தைப் பிடித்து, டிரையருக்கு ஏற்றச் சொல்வதுதான் என் வேலை. கோலா தெர்லா பக்கத்தில் லெட்சுமணன் மூக்கு என்றால் தெரியாதவர் கிடையாது. வாங்கிய மீன் நல்லதா என்று கேட்டு வருவார்கள். புருஷன் குடித்திருக்கிறானா என்று சட்டையைக் கொண்டுவந்து நீட்டிய பெண்களும் உண்டு. நான் உள்ளதைத்தான் சொல்வேன். அதனால் இரண்டு வீடுகளில் பெரிய சண்டையே நடந்தது.

கோவிட் வந்தபோது அந்த மூக்கு போனது. பால் அடிபிடித்து வீடெல்லாம் புகை, நான் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி ருக்குமணி அப்போதுதான் கண்டுபிடித்தாள்.

"ஏங்க, ஆபீஸ்ல சொல்லிடுங்க. வேற வேலை குடுப்பாங்கல்ல" என்றாள்.

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. கடிகாரத்தையும் இலையின் நிறத்தையும் பார்த்து எட்டு மாதம் ஓட்டினேன். தேயிலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓய்வு பெற்ற அன்று மேனேஜர் மாலை போட்டு, இப்படி ஒரு மூக்கு இனிமேல் தோட்டத்துக்குக் கிடைக்காது என்று பேசினார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் மாலையோடு நின்றுகொண்டு அதையெல்லாம் சொல்ல முடியாது, சார்.

நீங்கள் விசாரிக்கும் ஆலை அதற்கப்புறம் வந்தது. கோழி எருவைக் கொண்டுவந்து குழியில் ஊறவைத்து, காயவைத்து, உருண்டையாக்கிக் காய்கறித் தோட்டங்களுக்கு லோரியில் அனுப்புவார்கள். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளுக்கு நேர் மேலே, மேட்டில் இடம் பார்த்தார்கள். ஊரே வேண்டாம் என்றது. கடைசியில் மக்களின் பங்கேற்போடு ஒரு வருஷத்துக்கு அனுமதி என்று முடிவானது. மக்களே தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் தினமும் காலையும் மாலையும் முகர்ந்து பார்த்து, பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை நாற்றத்துக்கு மதிப்பெண் போடுவார். மூன்று நாள் தொடர்ந்து மூன்றுக்கு மேல் வந்தால் ஆலையை மூடவேண்டும். நல்ல திட்டம்தான். இப்போதும் நான் அதில் குறை சொல்லமாட்டேன்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஆலைக்காரர்கள் ஏற்பாடு செய்த ஆலோசகர் சுபத்ரா என்ற பெண், கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தார். யாரைப் போடலாம் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் கோயில் செயலாளர் தங்கராஜு எழுந்துவிட்டான்.

"மூக்குன்னா நம்ம லெட்சுமணண்ணேதான் லா. வேற யாரு இருக்கா?"

எல்லாரும் கைதட்டினார்கள். நான் உண்மையைச் சொல்லத்தான் எழுந்தேன். முன்வரிசையில் காளியம்மா உட்கார்ந்திருந்தாள். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள், புருஷன் இல்லை, லைனில் கடைசி வீடு அவளுடையது. பள்ளத்தில் இருக்கும் வீடு, ஆலையின் சாக்கடை அதன் பின்புறமாகத்தான் போகப்போகிறது. "அண்ணே பாத்துக்குவாரு, இனிமே எனக்குப் பயமில்ல" என்று அவள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நான் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

அதற்கு ஒரு பரீட்சையும் வைத்தார்கள். சுபத்ரா ஏழு போத்தல்களை வரிசையாகத் திறந்து நீட்டினார். எனக்கு ஏழும் தண்ணீர்தான். ஆனால் அவருக்குப் பின்னால் தங்கராஜு நின்றுகொண்டிருந்தான், அவனுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. அவன் மூக்கைச் சுளித்தால் மூன்று, வாயைப் பொத்தினால் ஐந்து, சும்மா நின்றால் பூஜ்யம். தொண்ணூற்றிரண்டு சதவீதம் வாங்கினேன். "அங்கிள், இந்த மாதிரி மூக்கை நான் பார்த்ததே இல்லை" என்றார் சுபத்ரா. சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். ஒரு மஞ்சள் அங்கியும் குடையும் தந்தார்கள்.

அதிகாலை ஆறரைக்குப் பனி மூடியிருக்கும். பார்த்து எழுத தங்கராஜுவின் முகம் அங்கே இருக்காது. முதல் நாள் ஆலை வாசலில் படிவத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். எனக்கு என்ன வாசனை வருகிறது என்பதுதான் கேள்வி. ஒன்றும் வரவில்லை. வராததை வந்தது என்று எழுதினால் அது பொய். பூஜ்யம் போட்டேன். காளியம்மா வீட்டு வாசலிலும் பூஜ்யம்.

இரண்டாவது மாதத்தில் அவள் சொல்ல ஆரம்பித்தாள்.

"அண்ணே, முட்டை அழுகுன நாத்தம்ணே. காலைல எழுந்தா தலை சுத்துது, கண்ணு எரியுது."

நான் கண்ணை மூடி முழுசாக ஒரு நிமிஷம் முகர்ந்து பார்த்தேன். "ஒண்ணும் இல்லையே காளியம்மா. நேத்து பெலாச்சான் வறுத்தியா?"

வறுத்திருந்தாள், அந்த இறால் விழுது வாடை லேசில் போகாது. நான் அதைக் குறிப்பில் எழுதினேன். அடுத்த கூட்டத்தில் சுபத்ரா அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டு, கண்காணிப்பைக் குழப்பும் மற்ற வாசனைகளைக் குறைத்துக்கொண்டால் நல்லது என்றார். ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். பெலாச்சானும் கருவாடும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும். சாம்பிராணி வெள்ளிக்கிழமை, அதுவும் ஏழு மணிக்கு மேல். மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு என் பக்கத்தில் யாரும் வரக்கூடாது. என் வீட்டில் பூண்டு கூட நின்றுபோனது. அவ்வளவு ஒழுங்காக எங்கள் தோட்டத்தில் எந்தத் தீர்மானமும் நடந்ததில்லை. ஆலைக்கு மட்டும் தீர்மானம் எதுவும் தேவைப்படவில்லை, அதுதான் பூஜ்யத்தில் இருந்ததே.

தடையை மீறிய காளியம்மாவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் போனது. அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் நானே வாசித்துக் காட்டினேன்.

பிறகு ஜனங்கள் என்னிடம் வர ஆரம்பித்தார்கள், சார். நாற்றம் அடிக்கிறது என்று சொல்ல வரவில்லை. எனக்கு வராத நாற்றம் தங்களுக்கு வருகிறதே, தங்கள் மூக்கில் ஏதாவது கோளாறா என்று கேட்டு வந்தார்கள். வாந்தி எடுத்தவர்கள் கேஸ்ட்ரிக் என்று மாத்திரை போட்டுக்கொண்டார்கள். பாவமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபத்தில் மூக்குப் பயிற்சி ஆரம்பித்தேன். மூச்சை மெதுவாக இழுத்து, மனசில் எதையும் நினைக்காமல், என்ன வருகிறது என்று சொல்லவேண்டும். ஒன்றுமில்லை என்று சொன்னவர்களுக்குப் பாஸ். பதினோரு பேர் பாஸ் ஆனார்கள். காளியம்மா மட்டும் மூன்று தடவை ஃபெயில். ஒவ்வொரு தடவையும் அழுதாள்.

"முயற்சி பண்றேன்ணே. ஆனா வருதே, நான் என்னா செய்ய?"

வருஷக் கடைசியில் அனுமதியைப் புதுப்பிப்பதற்கும் இரண்டாவது குழி வெட்டுவதற்கும் அறிவிப்பு ஒட்டினார்கள். ஆட்சேபம் இருப்பவர்கள் முப்பது நாளுக்குள் எழுதலாம். தங்கராஜு பேனாவோடு என் வீட்டுக்கு வந்தான்.

"எழுதலாமாண்ணே?"

"என்ன எழுதப்போறே? நம்பர் இருக்கில்ல."

"அதுவும் சரிதான் லா" என்று போய்விட்டான். ஒரு ஆட்சேபமும் வரவில்லை. அனுமதி கிடைத்தது, இரண்டாவது குழியும் வந்தது. பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் ஆலைக்காரர்கள் எனக்கு விருந்து வைத்தார்கள். ருக்குமணி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவள் என்னோடு அதிகம் பேசுவதும் இல்லை.

காளியம்மா நான்காவது தடவை பாஸ் ஆனாள். அவள் வீட்டு வாசலில்தான் வைத்தேன். மூச்சை இழுத்தாள், விட்டாள், மறுபடியும் இழுத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆமாண்ணே. ஒண்ணும் வரல. சுத்தமா ஒண்ணும் வரல."

அவள் பெயரை எழுதி, பக்கத்தில் டிக் போட்டேன். சந்தோஷத்தில் எனக்குப் பால் கலக்காத வரகாப்பி போட்டுக் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து, விடாத மழையில் குழி நிரம்பிச் சாக்கடைக்கு வழிந்தது. நான் வழக்கம்போல ஆறரைக்கு அவள் வாசலில் நின்று பூஜ்யம் போட்டுவிட்டுப் போனேன். ஏழு மணிக்கு அவள் பின்னால் போய், அடைத்திருந்த குப்பையைக் குச்சியால் தள்ளியிருக்கிறாள். அங்கேயே விழுந்துவிட்டாள். தூக்கப்போன தங்கராஜுவும் விழுந்தான். அவனை இழுத்துப் போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். காளியம்மா செத்துப்போனாள்.

ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதை நீங்கள் எழுதி வைத்திருப்பீர்கள். எருக்குழியிலிருந்து வரும் அந்த வாயு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானாலோ, ராப்பகலாக அதிலேயே கிடந்தாலோ முதலில் மூக்கைத்தான் அடித்துப்போடுமாம். அவள் பாஸ் ஆன அன்று அவளுக்கு ஏன் ஒன்றும் வரவில்லை என்பது இப்போது புரிகிறது. அன்று எனக்கு அது தெரியாது. இதைச் சத்தியமாகச் சொல்கிறேன்.

உங்களுக்கு வாசனை தெரியாது என்பதை ஏன் மறைத்தீர்கள் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். அதை ஒத்துக்கொண்டுவிட்டேன். நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாசி மகத்துக்கு மறுநாள் காலை, காளியம்மா வீட்டு வாசலில் என் மூக்கு திரும்பி வந்தது. நாலு வருஷம் கழித்து முதலில் வந்த வாசனை அந்த அழுகிய முட்டைதான். அவள் சொன்னது அப்படியே சரி. எனக்கு அழுகை வந்துவிட்டது, சார், ஆனந்தத்தில். வீட்டுக்கு ஓடிப்போய், தீர்மானத்தை மீறி, ருக்குமணியைக் கருவாடு பொரிக்கச் சொன்னேன். அந்தப் புகையில் நின்று அரைமணி நேரம் அழுதேன். அவளும் அழுதாள். "இனிமேலாச்சும் ஒழுங்கா எழுதுங்க" என்றாள். பிறகு உட்கார்ந்து படிவத்தை எடுத்தேன். நியாயமாக ஐந்து போடவேண்டும். ஆனால் அதற்கு முன்னால் நானூறு நாள் பூஜ்யம் இருக்கிறதே. திடீரென்று ஐந்து வந்தால், அதுவரை என்ன செய்துகொண்டிருந்தாய் என்று யாராவது கேட்பார்கள். காளியம்மா கேட்பாள். பூஜ்யம் போட்டேன்.

அவள் பாஸ் ஆனது அதற்கு மூன்று வாரம் கழித்து. ஒண்ணும் வரல என்று அவள் சிரித்தபோது எனக்கு நெஞ்சை அடைக்கும் அளவுக்கு வந்துகொண்டிருந்தது. வரகாப்பியின் வாசனையே தெரியவில்லை, அவ்வளவு. அவள் விழுந்த அன்று காலை ஆறரைக்கும் வந்தது. கதவைத் தட்டி அவளை எழுப்பியிருக்கலாம். தூங்குகிறாளே என்று விட்டுவிட்டேன்.

கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்யவேண்டும், சார். எல்லாப் பூஜ்யங்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பொய் என்று எழுதியிருக்கிறீர்கள். மாசி மகத்துக்கு முன்னால் போட்ட நானூறு நாளும் நான் முகர்ந்ததை அப்படியே எழுதியவை. அவற்றைத் தனியாகக் குறித்து, உண்மை என்று பக்கத்தில் ஒரு டிக் போட்டுவிடுங்கள்.