கலிங்குத் தட்டி

— மணி மூணே கால், வேலம்மா. மத்தியானம் கரை மட்டத்துக்கும் தண்ணிக்கும் நாலடி இருந்துச்சு. இப்ப ரெண்டே முக்கால். சொன்னாக் கேளு, தட்டிய அறுத்துடலாம்.

— ஆகாதுங்ணா.

— எது ஆகாது?

— தட்டியத் தொடறது. இன்னிக்குக் காவல் எங்க ஊட்டு மொறைங்க. ஊரே குப்பனூர் கண்ணாலத்துக்குப் போயிருக்குது. வந்து கேட்டா நான் என்னங்க சொல்லுவேன்?

— கேக்கறதுக்கு ஊரு இருக்கோணுமில்ல? இது மண்ணுக் கரை. மேல ஒரு சாண் தண்ணி வழிஞ்சாப் போதும், வெல்லமாட்டம் கரைஞ்சு போயிரும். மிஞ்சற தண்ணி வெளிய போகத்தான் கலிங்கு வெச்சுக் கட்டியிருக்குது. அதோட வாய்க்குக் குறுக்கால நீங்க மூங்கத் தட்டியக் கட்டி வெச்சிருக்கீங்க.

— மீனு போயிரக் கூடாதுன்னு கட்டுனதுங்க. தண்ணி போறதுக்குச் சந்து உட்டுத்தான் பின்னியிருக்குது.

— சந்து இருந்துச்சு. இப்பப் பாரு. காப்பி எல, சவுக்கு எல, வாழ மட்ட, எவன் ஊட்டுக் கூரையோ. செவுரு வெச்ச மாதிரி நிக்குது.

— காலையிலருந்து கைய உட்டுப் பொறுக்கிக்கிட்டுத்தானுங்க இருக்கறேன்.

— நீ ஒரு கை பொறுக்கறதுக்குள்ள ஒரு வண்டி வந்து சேருது.

— மதகத் தொறந்து உடுங்களேன். நீங்கதானுங்களே அணைக்கு லஸ்கரு, மதகு தொறந்து மூடற சர்க்கார் ஆளு.

— விடியக்காலமே தொறந்தாச்சு. அது வயலுக்குத் தண்ணி உடற குழாயி. இந்த மழைக்கு அது எந்த மூலைக்கு?

— அப்ப நீங்களே தட்டிய அறுத்துக்கோங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.

— ஒத்தப் பக்கம் அறுத்தா அது கதவாட்டம் திரும்பி, இருக்கற வழியவும் அடைச்சுக்கும். ரெண்டு பக்கக் கட்டும் ஒரே சமயத்துல அறுக்கோணும். ரெண்டு ஆளு வேணும். இந்த மலையில இன்னிக்குக் கையும் காலும் ஒழுங்கா இருக்கறது நீயும் நானுந்தான்.

— போன வருசம் ஐப்பசியிலயும் இதே பேச்சுதானுங்க. கரை ஒடையுதுன்னு சொல்லி, கொழந்த குட்டியோட எல்லாத்தையும் மாதாகோயில்ல படுக்க வெச்சீங்க. விடிஞ்சு வந்து பாத்தா கரை கல்லாட்டம் நின்னுச்சு. லாசர் வாத்தியாரு இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாரு.

— ஒடையலேன்னு உங்களுக்கெல்லாம் வருத்தமா?

— கோவிச்சுக்காதீங்ணா. சொன்னேன்.

— கீழ பதினோரு ஊடு. யாரு இருக்கறாங்க இப்ப?

— கெழடுங்களும் கைக்கொழந்தைங்களும். ஆராயி பெரியம்மா கட்டில்லயே கெடக்குது.

— பதினோரு ஊடு. நெனச்சுப் பாரு. எழுபத்தி ஒண்ணுல ஓட பெருகி ரெண்டு ஊட்ட இழுத்துட்டுப் போன பொறவுதான் இந்தக் கரையவே கட்டுனாங்க. மீனு வளக்கறதுக்கில்ல.

— தெரியுமுங்க. அந்த ரெண்டுல ஒண்ணு எங்க மாமனாரு ஊடு.

— தெரிஞ்சுமா இப்படி நிக்கற?

— உங்க சட்டக் கை ரெண்டும் எங்கங்ணா? ஆபீஸுல முழுக்கைக் காக்கிச் சட்ட குடுத்தாங்கன்னு போன வருசத் தீவாளிக்கு ஊரெல்லாம் போட்டுக் காட்டுனீங்க.

— வெயிலுக்கு வெட்டிப்புட்டேன்.

— இந்த மஞ்சக்குட்டை மலையில வெயிலுங்களா? பல்லு தந்தியடிக்குது உங்களுக்கு.

— பேச்ச மாத்தாத. ரெண்டரை அடி ஆச்சு.

— நாலரை பஸ்ஸுல நாட்டாமக்காரரு வந்துருவாரு. அவரு அறுன்னு சொன்னா இந்த நிமிசமே அறுக்கறேன்.

— நாட்டாம ஐயாக்கண்ணு வரமாட்டாரு. குப்பனூர் ரோட்டுல மரம் சாஞ்சு கெடக்குது. காலையிலயே பஸ்ஸு நின்னு போச்சு.

— அத ஏனுங்க மொதல்லயே சொல்லல?

— நீ கேக்கல.

— கேட்டாத்தான் சொல்லுவீங்களா?

— இப்பச் சொல்லிட்டனில்ல? யாரும் வரப் போறதில்ல. மீனு, மீனுன்னு அதையே கட்டிக்கிட்டு அழுவற. மனுச உசுரவிட மீனு பெருசா?

— எனக்கு மீனு வேண்டாமுங்க. எங்க ஊட்டுக்காரரு வேணும்.

— வெள்ளையனுக்கும் இதுக்கும் என்ன?

— தெரியாத மாதிரி கேக்கறீங்களே. போன வைகாசியில சேர்வராயன் பண்டிகைக்குப் பங்கு போடறதுக்கு வல உட்டாங்க. ரெண்டாயிரம் கெண்டக் குஞ்சு உட்ட தண்ணியில நாப்பது மீனு வந்துச்சு. கடைசி மொற எங்க ஊடு. திருடுனது வெள்ளையன்னு சொல்லிட்டாங்க.

— ம்.

— கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணுனாரு. நம்பல. ஊர உட்டுத் தள்ளி வெச்சாங்க. அடுப்புக்கு நெருப்புக் கேட்டாக் கூட யாரும் தரல. எங்க பாப்பாவுக்குக் காது குத்துனப்ப ஒரு ஆளு வாசப்படி மிதிக்கல. நீங்களும் வரல.

— ஊரு தள்ளி வெச்சா நான் எப்படி வர்றது?

— நீங்க ஊர்க்காரரு இல்லீங்களே. சர்க்கார் ஆளு.

— அது சரி. அதுக்கு இப்ப என்ன பண்றது?

— அவரு சேலத்துக்குப் போயி மூட்ட தூக்கறாரு. ஆடியில மறுபடியும் குஞ்சு உட்டாங்க. நாட்டாமக்காரருகிட்ட நாலு மாசம் நடந்தேன். போன மாசந்தான் எங்க ஊட்ட மொறையில சேத்தாரு. கட்டு அவுறாம, மீனு கொறையாம எங்க மொற கழிஞ்சா வைகாசியில வெள்ளையன் வரட்டும்னாரு. இன்னிக்குத்தானுங்க மொத மொற. மொத நாளே என் கையால அறுக்கச் சொல்றீங்க.

— நான் சொல்றேன் நாட்டாமக்காரருகிட்ட. மழ. நாந்தான் அறுக்கச் சொன்னேன்னு சொல்றேன்.

— மீனெல்லாம் போன பொறவு சொல்லி? அன்னிக்குப் புருசன் தின்னான், இன்னிக்குப் பொண்டாட்டி தொறந்து உட்டாள்னுதான் பேசுவாங்க.

— மீனு போனாப் போவுது. விட்டுத் தள்ளு!

— உங்களுக்கென்னங்க. உங்க ஊட்டுல நாள் தவறாம கொழம்பு கொதிக்குது. எங்க ஊடு வரைக்கும் வாசன வருது.

— அது கருவாடு. ஒண்டிக்கடையில வாங்கறது.

— நல்ல கருவாடுங்க. பச்ச மீனாட்டமே மணக்குது.

— ரெண்டடி, வேலம்மா. ரெண்டே அடி. அங்க பாரு, மாடு ஏறி எறங்கித் தேஞ்ச எடம். அது மத்த எடத்தவிட ஒரு மொழம் தாழ்வு. அங்கதான் மொதல்ல வழியும்.

— அங்க மண்ணு போடறேன் போடறேன்னு ரெண்டு வருசமா நீங்கதானுங்க சொல்றீங்க.

— மண்ணு கேட்டு எழுதிப் போட்டேன். வரல. தட்டிய எடுக்கச் சொல்லி எழுதிப் போட்டேன். ஊர்க்காரங்களோட வம்பு வேண்டாம்னு பதில் வந்துச்சு. எழுதி எழுதிக் கை தேஞ்சதுதான் மிச்சம்.

— சட்டக் கையுமுங்களா?

— சிரிக்கற நேரமா இது? உங்காலுல உளுவட்டுமா? சொல்லு, உளுவறேன். பதினோரு ஊடு!

— வேண்டாமுங்ணா. பெரியவங்க உளுவக் கூடாது. ஒரே ஒரு ஆளக் கூட்டியாங்க. ஊர் ஆளு ஒருத்தரு பக்கத்துல நின்னு பாத்தாப் போதும், அறுக்கறேன்.

— எங்க போயிக் கூட்டியாரது? ஆராயிக் கெழவியத் தோள்ல தூக்கிட்டு வரட்டுமா சாட்சிக்கு?

— அண்ணா.

— ஊருக்குப் பயப்படறீங்க, சாமிக்குப் பயப்படறீங்க, தண்ணிக்கு மட்டும் ஒருத்தரும் பயப்படறதில்ல.

— அண்ணா, மாட்டுத் தடத்துல என்னமோ மினுங்குது.

— எங்க?

— புல்லு படுத்துருச்சு. அதுக்கு மேல... தண்ணி வருதுங்க.

— கத்திய எடு.

— சேர்வராயா, நீதான் சாட்சி.

— சாமி வாயில இருக்கட்டும், கத்தி கையில இருக்கட்டும். எறங்கு. கரைப் பக்கமா நில்லு, இல்லேன்னா தட்டி உன்னயும் இழுத்துட்டுப் போயிரும். மூணு எண்ணறேன்.

— எண்ணாதீங்க. அறுங்க!

— அறு!

— அம்மா!

— கையக் குடு. கையக் குடு! மேல வா. ம். பாறையப் புடிச்சுக்கோ.

— போச்சுங்க. தட்டி போச்சு.

— போகட்டும். பாரு, எப்படி எறங்குது. கலிங்குத் தண்ணி பாறையச் சுத்திக்கிட்டுப் போகுது, ஊட்டுப் பக்கம் போகாது. அர மணி நேரத்துல ஒரு அடி கொறையும்.

— மாட்டுத் தடம்?

— நின்னுருச்சு. புல்லு தெரியுது பாரு. பொழச்சோம்.

— பெரியம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?

— ஒண்ணும் ஆகாது. நீ ஊட்டுக்குப் போ. நொம்ப நனைஞ்சுட்ட. சளி புடிச்சுக்கும்.

— இருக்கறனுங்க. மீனு போறதப் பாக்கோணும்.

— அதப் பாத்து என்ன ஆகப் போவுது?

— எத்தன போச்சுன்னு நாட்டாமக்காரரு கேப்பாரு. உத்தேசமாச்சும் சொல்லோணுமில்ல.

— கலங்கத் தண்ணியில என்ன தெரியும்? போ.

— பாற மேல தண்ணி நாலு வெரல் ஆழந்தானுங்க. எல உருள்றது கூடத் தெரியுது. ஒத்தக் கெண்டயக் காணோமுங்களே.

— ஆழத்துல இருக்கும். குளுருக்கு அடியில போயிரும்.

— இத்தன இழுப்புல ஒண்ணு கூடவா மேல வராது?

— எனக்கென்ன தெரியும் மீனப் பத்தி? நான் லஸ்கரு.

— தட்டி கீழ பாறையில மாட்டி நிக்குது. அடிப்பக்கம் மேல திரும்பியிருக்குது. என்னமோ தொங்குதுங்களே.

— செத்தை.

— செத்தையில்லீங்க.

— வேலம்மா, அங்க எறங்காத. வழுக்கும். சொன்னாக் கேளு!

— பறி. மீன் புடிக்கற பறி. ரெண்டு இருக்குது. உள்பக்கமாத் தண்ணிக்கு அடியில கட்டியிருக்கறாங்க. மேல நின்னு எல பொறுக்குனா எப்படித் தெரியும்?

— எவனோ கட்டியிருப்பான். தூக்கிப் போட்டுட்டு மேல வா.

— காக்கித் துணியில கட்டியிருக்குதுங்க.

— வேலம்மா.

— சட்டக் கை. பித்தான் கூட அப்படியே இருக்குது.

— மேல வா, கண்ணு. பேசிக்கலாம்.

— தண்ணி ஏற ஏற பதினோரு ஊடு, பதினோரு ஊடுன்னு தொண்ட கிழியக் கத்துனீங்களே. உள்ளார மீனே இல்லீன்னு ஒத்த வார்த்த சொல்லியிருந்தா மத்தியானமே அறுத்திருப்பனே. கரை ஒடைஞ்சாலும் பரவால்லன்னுதானுங்களா அதச் சொல்லாம இருந்தீங்க?