கட்டம் கட்டமாக வந்த வரி

எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது, ஐயா. சொல்லிக்கொடுத்தது என் வீட்டுக்காரி. கிடங்கில் மூட்டை இறக்கிவிட்டு வந்து சிலேட்டோடு உட்கார்ந்தால் கண் சொக்கும். நான் கொம்பை மறந்தால் சிரிப்பாள். சிரித்தால் எனக்குக் கை நீண்டுவிடும். அதை அடி என்று சொல்ல முடியாது.

அவள் படியில் விழுந்து போன பிறகு, நினைவுக் கூட்டத்தில் பாட நான்கு வரி எழுதினேன். அவள் தம்பி பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். காசில்லாமல் கிடைக்கிற ஏதோ மென்பொருளில் மெட்டை ஸ்வரக் குறியாகப் போட்டு, அடியில் என் வரிகளை ஏற்றித் தருவதாகச் சொன்னான். மூன்றாவது வரியில் மட்டும் நின்றான். 'ஒருநாளும் உன்னை நான் அடித்ததில்லை' என்பது அந்த வரி.

"மாமா, இது வேணுமா?"

"ஏன் மாப்ள, பாட்டுல இடிக்குதா?"

"பாட்டுல இடிக்கல."

கூட்டத்துக்கு முந்தின நாள் வேலை முடிந்த கையோடு பள்ளிக்கூடத்தில் அவன் அறைக்குப் போனேன். மூட்டைக் கொக்கி இடுப்பில்தான் எப்போதும் இருக்கும். எடுத்துக்கொண்டு போனதாக எழுதிவிடாதீர்கள்.

கம்ப்யூட்டரில் காட்டினான். மற்ற மூன்று வரியும் பளிச்சென்று இருந்தது. மூன்றாவது வரி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கட்டம் கட்டமாக நின்றது.

"ஃபான்ட் தகராறு மாமா. அந்த வரியை மட்டும் யோசிச்சு யோசிச்சு வீட்டு மெஷின்ல சேர்த்தேன். அந்த ஃபான்ட் இதுல இல்ல. எழுத்து உள்ளதான் இருக்கு, காட்டத்தான் தெரியல."

உள்ளே இருக்கிறதாம். நான் படிக்காதவன், நம்பிவிடுவேன் என்று நினைத்திருக்கிறான்.

வேறு ஃபான்ட் மாற்றினான். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகச் சிதறி வந்தது.

"பாருங்க, நீங்க எழுதுன மாதிரியே வருது," என்று சிரித்தான். அக்காவின் அதே சிரிப்பு.

கொக்கியைக் கழுத்தில் போட்டு, மூட்டையை இழுப்பதுபோலத்தான் இழுத்தேன். வேறு விதமாக இழுக்க எனக்குத் தெரியாது. நாற்காலியோடு வந்தான். கையால் கழுத்தைப் பொத்திக்கொண்டு, "மாமா, அந்த ஃபான்ட்டை ஏத்தி மூடித் திறந்தா சரியாயிடும்" என்றான். இன்னும் மழுப்புகிறானே என்று மறுபடி போட்டேன். அப்புறம் அவன் தலையை மேசை விளிம்பில் இடித்தேன், பேச்சு நிற்கும் வரை. விசைப்பலகையில் வழிந்ததை என் துண்டால் துடைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

நேற்று உங்கள் ஆள் அந்த ஃபான்ட்டை ஏற்றி, மூடித் திறந்து காட்டினார். வரி முழுசாக இருந்தது. அவன் சொன்னது மெய்தான். முதல் நாளே தயங்காமல் அந்த வரியை ஏற்றியிருந்தால் இரண்டு பேருக்கும் இந்தச் சங்கடம் இல்லை.

ஒன்றுதான் மனசுக்கு ஒப்பவில்லை. வீட்டில் இன்னொரு சாவு விழுந்துவிட்டதென்று அவளுடைய நினைவுக் கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டார்களாம். அவள் என்ன பாவம் செய்தாள், ஐயா? பாட்டுதான் சரியாகிவிட்டதே.