மஞ்சள் தெரியாத வெளிச்சம்

மணிப்பிளான்ட் வெயில் இல்லாமலும் வளரும் என்று ஆட்கள் சொல்வார்கள். வளராது. சாவதற்கு நீண்ட நாள் எடுக்கும், அவ்வளவுதான்.

என் பெயர் சித்தி பரீதா. முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகு வீட்டுச் செடிகள் விற்கிறேன். துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு ஒழுங்கையில் எங்கள் வீடு. பக்கத்துக் காணியில் மூன்று மாடி எழும்பிய பிறகு பின்னறைக்கு வெயில் வருவதில்லை. அதனால் முழு நிறமாலை விளக்கு ஒன்று வாங்கினேன். சூரிய வெளிச்சத்தில் உள்ள நிறங்கள் எல்லாம் அதில் உண்டு. இலைகளுக்காகச் சிவப்பு கொஞ்சம் கூட. அதன் கீழே எதை வைத்தாலும் சாடையாக ரோசா நிறத்தில் தெரியும். மனிதருக்கும் நல்லது, மனச்சோர்வு குறையும் என்று பெட்டியில் எழுதியிருந்தது.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்டது விளக்கைப் பற்றி. குடும்பநல மாது துஷாந்தியைப் பற்றி நான் சொல்லவேண்டியதும் அதற்குள்தான் இருக்கிறது.

ஒன்றரை வருடத்துக்கு முன் என் மகன் நஸ்ரி வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். கப்பல்துறையில் மாடொன்று குறுக்கே வந்தது. அந்த இடத்திலேயே மௌத்தாகிவிட்டான். முப்பது வயது. எனக்கு வேறு பிள்ளை இல்லை. கணவர் அதற்கு முன்பே போய்விட்டார். நஸ்ரியின் மனைவி ஹுஸ்னியா அப்போது இரண்டு மாதக் கர்ப்பம்.

எங்கள் ஆட்களில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அங்கே போய் இருப்பான். ஹுஸ்னியாவின் நானா, மூத்த சகோதரர் அஷ்ரப், குறிஞ்சாக்கேணியில் அவளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். கூரை முடியவில்லை. அது முடியும்வரைக்கும் என்று நஸ்ரியும் அவளும் என்னோடு இருந்தார்கள். புருஷன் மௌத்தானால், அவனோடு இருந்த வீட்டில்தான் பெண் இத்தா இருக்கவேண்டும். நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அந்நிய ஆண்களைப் பார்க்காமல். கர்ப்பிணி என்றால் பிள்ளை பிறக்கும்வரை. பிறந்தவுடன் இத்தா முடிந்துவிடும். பிறகு அவள் விரும்பிய இடத்துக்குப் போகலாம்.

ஆக எனக்கு ஏழு மாதம் கிடைத்தது.

பின்னறையை அவளுக்குக் கொடுத்தேன். செடி வாங்க வருகிறவர்கள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். விளக்கின் கீழே இரண்டு கதிரை போட்டோம். காலையில் ஒரு மணித்தியாலம் இருவரும் இருப்போம். பெட்டியில் எழுதியிருந்ததை நான் நம்பவில்லை. ஆனாலும் இருந்தேன். மூன்றாம் கிழமை எனக்குச் சோறு ருசித்தது. ஆறாம் கிழமை அவள் சிரித்தாள். அஷ்ரப் அறையை எட்டிப் பார்த்தபோதுதான்.

"என்ன மாமி, கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டி மாதிரிக் கிடக்கு."

"நீங்களும் வந்து இருங்க நானா," என்றாள். "மண்டையில முடி முளைச்சாலும் முளைக்கும்."

அஷ்ரப் நல்ல மனிதர். கிழமைக்கு ஒருதரம் மீனும் தயிரும் கொண்டு வருவார். வீட்டு வேலை எந்த மட்டில் நிற்கிறது என்று சொல்வார். கூரை முடிந்தது. யன்னல் போட்டாயிற்று. இனிப் பூச்சுத்தான். நான் தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறந்தான். ஆண். காதின் மேல்விளிம்பு நஸ்ரிக்கு மடிந்திருந்தது போலவே மடிந்திருந்தது. மறுநாள் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். வாசலில் அஷ்ரப் வான் வண்டியோடு நின்றார்.

"நேரா ஊருக்குக் கொண்டு போறன் மாமி. எல்லாம் ஆயத்தம்."

"ஏழாம் நாள் முடியிறக்கிப் பேர் வைக்கிற மட்டும் விடுங்க மகன். நஸ்ரி வளர்ந்த வீட்டில நடக்கட்டும்."

அவர் தங்கையைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். "சரி மாமி," என்றார். "ஏழாம் நாள் விடிய வாறன்."

குறிஞ்சாக்கேணி தூரமில்லையே என்று நீங்கள் கேட்கலாம். தூரமில்லை. பஸ்ஸில் போய், தேத்தண்ணி குடித்து, பிள்ளையைக் கொஞ்சம் மடியில் வைத்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு எழும்பி வரலாம். வேறு வீட்டு ஆளாக.

மூன்றாம் நாள் பிள்ளையின் கண்வெள்ளையில் மஞ்சள் தெரிந்தது. அநேகமான பிள்ளைகளுக்கு வரும், போகும். மஞ்சள் கூடினால், காலுக்கு இறங்கினால், பால் குடிக்காவிட்டால் உடனே கொண்டு வரவேண்டும் என்று தாதி சொல்லி அனுப்பியிருந்தார். பிள்ளையின் பதிவுப் புத்தகத்திலும் அது இருக்கிறது. நான் இரண்டு தரம் வாசித்தேன்.

மஞ்சளுக்கு எங்கள் ஆட்கள் இளவெயில் காட்டுவார்கள். எங்கள் அறைக்கு இளவெயில் இல்லை. பிள்ளையை விளக்கின் கீழே கிடத்தினேன். ஆஸ்பத்திரியிலும் மஞ்சளுக்கு வெளிச்சம்தான் வைக்கிறார்கள், நீல வெளிச்சம். முழு நிறமாலையில் நீலமும் உண்டு. ஹுஸ்னியாவுக்கு அதை விளங்கப்படுத்தினேன். படித்த மாமி கிடைத்தது தன் அதிர்ஷ்டம் என்று அவள் சினேகிதியிடம் போனில் சொன்னாள். அவளுக்கு இருபத்துமூன்று வயது. நீலம் இருப்பது வேறு, போதிய அளவு இருப்பது வேறு. அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.

நாலாம் நாள் காலை அவளைக் குளிக்க அனுப்பிவிட்டு, பிள்ளையைக் குசினி வாசலுக்குக் கொண்டு போனேன். அங்கே பகல் வெளிச்சம் கொஞ்சம் உண்டு. உள்ளங்காலை விரலால் அமர்த்தி எடுத்தேன். அமர்த்திய இடம் மஞ்சளாக இருந்தது. திரும்ப அறைக்குக் கொண்டுபோய் விளக்கின் கீழே வைத்தேன். ரோசா நிறமாகத் தெரிந்தான்.

இன்னும் மூன்று நாள் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் வார்ட்டில் மறித்து வைப்பார்கள். துண்டு வெட்டியதும் அங்கிருந்தே அஷ்ரப் கொண்டு போய்விடுவார்.

ஐந்தாம் நாள் துஷாந்தி வந்தாள். எங்கள் பகுதிக் குடும்பநல மாது; பிறந்த பிள்ளைகளை வீடு வீடாக வந்து பார்ப்பவள். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்த பிள்ளை.

"ரீச்சர், பிள்ளையை ஒருக்கா வெளியால கொண்டு வாங்கோ. இந்த வெளிச்சத்துக்குள்ள நிறம் மட்டுக்கட்ட ஏலாது."

"இப்பதான் பால் குடிச்சு நித்திரை. எழுப்பாத."

"ஒரு நிமிஷம்தான் ரீச்சர்."

"சூரிய வெளிச்சத்தில என்னென்ன நிறம் இருக்கெண்டு உனக்கு ஆர் படிப்பிச்சது?"

அவள் சிரித்தாள். "நீங்கள்தான். கண்ணாடி அரியத்தால வெளிச்சத்தை ஏழு நிறமாப் பிரிச்சுக் காட்டினீங்கள். அதை நான்தானே உடைச்சுப் போட்டனான்."

"அந்த நிறமெல்லாம் இதுக்குள்ள இருக்கு. பார்."

அவள் குனிந்து பார்த்தாள். மூக்கை மெல்ல அமர்த்தினாள். இன்னும் ஒருதரம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு புத்தகத்தில் தோலின் நிறம் சரி என்று எழுதினாள். அந்த ஒரு வரிக்காகத்தான் அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

பிள்ளை பால் குடித்திருக்கவில்லை. அன்று காலையிலிருந்து குடிக்கவில்லை.

ஆறாம் நாள் ஹுஸ்னியா சொன்னாள். "மாமி, இவன் வாயே வைக்கிறானில்ல. அழுற சத்தமும் ஒரு மாதிரிக் கீச்செண்டு இருக்கு."

"வெளிச்சத்தின்ட சூட்டுக்குச் சோம்பலா இருக்கும் மகள். நாளைக்குச் சரியாகும்."

அவள் பாலைப் பீச்சித் தந்தாள். நான் கரண்டியால் கொடுத்தேன். கடைவாயால் வழிந்தது. துடைத்துவிட்டு, குடித்தான் என்று சொன்னேன்.

ஏழாம் நாள் அஷ்ரப் விடியவே வந்துவிட்டார். முடியிறக்கினார்கள். இன்ஷாப் என்று பெயர் வைத்தோம். நான் எல்லோருக்கும் சாப்பாடு ஆயத்தப்படுத்தியிருந்தேன். அஷ்ரப் மருமகனைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை வெயிலுக்குப் போனார். அங்கே நின்ற சனம் பிள்ளையின் மஞ்சளைப் பார்த்தது. பிள்ளை அவர் கையில் வில் மாதிரிப் பின்னால் வளைந்தான்.

"மாமி, இது எத்தினை நாளா?"

"இண்டைக்குத்தான் மகன்," என்றேன்.

ஆஸ்பத்திரியில் இரத்தத்தை மாற்றினார்கள். உயிர் தங்கியது. ஆனால் மஞ்சள் மூளைக்கு ஏறியிருந்தது. நாலாம் நாள் கொண்டு வந்திருந்தால் இரண்டு நாள் வெளிச்சத்தோடு சுகமாகியிருக்கும் என்று டொக்டர் ஹுஸ்னியாவிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். குடும்பநல மிஸ் வந்து பார்த்து நிறம் சரியென்று எழுதினவ, டொக்டர் என்று சொன்னது நான்தான். புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டியதும் நான்தான்.

இப்போது அவனுக்குப் பதினொரு மாதம். கழுத்து நிற்கவில்லை. கைகள் தம்பாட்டில் முறுகும். துறைமுகத்தில் கப்பல் ஊதும்போது ஒழுங்கையில் உள்ள குழந்தைகள் எல்லாம் திடுக்கிடும். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். காது கேட்கிறதா என்று பரிசோதிக்க முதலே எனக்குத் தெரியும். இருந்தும் அவனோடு கதைக்கிறேன். நஸ்ரி சின்ன வயதில் செய்த குழப்படிகளைச் சொல்கிறேன். கதைக்கும்போது முகத்தை என் தொண்டையில் வைத்து அழுத்துவான். அது அதிர்வது அவனுக்குப் பிடிக்கும் போலிருக்கிறது. அப்போது மட்டும் கைகள் அடங்கும்.

கிழமைக்கு இரண்டு தரம் கிளினிக்குக்குக் கொண்டு போகவேண்டும். கைகால் பயிற்சியும் டவுனில்தான். அதனால் ஹுஸ்னியா இங்கே இருக்கிறாள். இனிக் கொண்டு போகிறேன் என்று அஷ்ரப் சொல்வதில்லை. புதுவீடு பூட்டிக் கிடக்கிறது.

துஷாந்தி பிள்ளையை வெளியே கொண்டு வரச் சொன்னாள். நான் கொண்டு வரவில்லை. அவள் வரும் நாள் எனக்குத் தெரியும். அன்று காலை அந்த அறையின் வெள்ளை பல்பைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். விளக்கைத் தொட்டிலுக்கு மேலே தாழ இறக்கிக் கட்டினேன். அதன் கீழே எது தெரியும், எது தெரியாது என்று அறிந்துதான் செய்தேன். அவளைத் திரும்ப வேலைக்கு எடுங்கள். இதில் எங்கே கையெழுத்து வைக்கவேண்டுமோ அங்கே வைக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதை ஹுஸ்னியாவுக்கு வாசித்துக் காட்டவேண்டாம். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குறிஞ்சாக்கேணிக்குப் போய்விடுவாள். அங்கே அவனை என்னைப் போல் கவனமாகப் பார்க்க ஆளில்லை.