பாடு இல்லாத மாப்பிள்ளை

எண்பதுகளின் கடைசியில் ஒருநாள், பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பஸ்ஸில், என் ஸ்டாப்பு தாண்டிவிடுமோ என்ற பதற்றத்தோடு உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் மீன் கூடைகளோடு இரண்டு பெண்கள்.

"எங்க வூட்டுக்காரரு தெனமும் பொன்னேரி வீடியோ கேம் கடையில கப்பல சுட்டுனு கீறாருக்கா," என்றாள் இளையவள்.

"இன்னாடி இது, புள்ள பெத்த வயசுல?"

"வெளியூரு மாப்பிள்ளைக்கு நம்ம ஏரியில பாடு கெடையாதே, அந்த உரிமை ஊருக்காரங்களுக்குத்தானே. எல்லாரும் முறை வெச்சு வலை போடுறப்ப இவரு கரையில நிக்கணும். அந்தக் கடையிலதான் பசங்க சுத்தி நின்னு, 'எப்படிண்ணே அடிச்ச?'னு கேக்குறாங்களாம்."

"சண்டை போட்டியா?"

"போட்டு அலுத்துட்டேன். அப்புறம் எங்கண்ணன்கிட்ட போயி, 'ஏரிக்குத்தானே பாடு, கடலுக்குக் கூட்டினு போனா இன்னா?'ன்னேன். அவனும் வந்து, 'மாப்ள, நீ கடலோரத்து ஆளு, நாளைக்குக் காத்து எப்படி இருக்கும் சொல்லு'ன்னான். அன்னிலேருந்து அவன் போட்டுல கடலுக்குப் போறாரு."

"கேம் கடை?"

"நேத்தும் போனாரு."

கேட்டுக்கொண்டிருந்த நான் ஸ்டாப்பை மறந்து முன்னால் சாய்ந்தேன்.

"ஒரே ஆட்டத்தோட திரும்பிட்டாருக்கா. 'காலையில மச்சான் எனக்காகக் காத்துனு இருப்பான்'னு சொல்லிட்டுப் படுத்துட்டாரு."