குழிக்குள்ள இருந்தவ

அந்தக் கருவிய மேசை மேல வைங்க தம்பி, மடியில வச்சுக்கிட்டா நான் பேசறது எப்படிப் பதியும்? ஓடுதா? ஓடட்டும். ஆனா ஒண்ணு, இந்தக் கெர்தா கிழவி அழுவாள்னு நெனச்சு வந்திருந்தா இப்பவே கோட்ட மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுங்க. மழைதானே, நனைஞ்சா ஒண்ணும் கரைஞ்சு போயிட மாட்டீங்க.

பிரெபென் லிந்தார்ட் செத்து மூணு மாசம் ஆகல, அதுக்குள்ள அந்தாளப் பத்திப் புஸ்தகம். எனக்கு முன்னாடி யாரையெல்லாம் பாத்தீங்க? தங்கமான மனுஷன்னு சொன்னாங்களா? சொல்லுவாங்க, சொல்லுவாங்க. சினிமாவுல ஸ்டேஷன் மாஸ்டரா வந்து பிள்ளைங்களுக்கு மிட்டாய் குடுத்தாருல்ல, அதுலேர்ந்து டென்மார்க் மொத்தமும் அந்தாளத் தன் வீட்டுப் பெரியவருன்னு நெனச்சுக்கிச்சு. சவப்பெட்டி தேவாலயத்த விட்டு வெளிய வந்தப்ப கைதட்டினாங்களாம். நான் போகல. இதோ இந்த நாற்காலியில உக்காந்து கருப்பு ரொட்டியும் ஊறவச்ச மீனும் சாப்பிட்டேன். நல்லாத்தான் இறங்குச்சு.

என் வேலையா? விசாரிக்காமலா வந்தீங்க? இதே ஓர்ஹூஸ் ஊரு நாடகக் கொட்டகையில இருபத்தாறு வருஷம் நடிகருங்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவ. மேடை விளிம்புல ஒரு குழி இருக்கும். அதுக்குள்ள நான். ஜனங்களுக்கு நான் தெரிய மாட்டேன், மேடையில நிக்கிறவங்களுக்கு மட்டும் என் மூஞ்சி தெரியும்.

கடைசி நாலஞ்சு வருஷம் லிந்தார்டுக்கு மறதி. ஆமா, அதையும் எழுதிக்குங்க. மொத வார்த்தைய நான் போட்டா மிச்சத்தக் கெட்டியாப் புடிச்சுக்குவாரு. கொட்டகைக்கு வெளிய ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. நானும் மூச்சு விட்டதில்ல. அது என் தொழில்.

அந்த போட்டோவா? அது அக்செல். என் வீட்டுக்காரரு. ஆமாங்க, அவரும் நடிகருதான், உங்க பட்டியல்ல இருக்காது. கடிதம் கொண்டாந்து குடுக்கிறவன், கதவத் தொறக்கிறவன், ரெண்டாவது சிப்பாய், இப்படி வேஷம். ஒரு நாள் அவருக்கு ஒரு வரி தடுக்கிடுச்சு. ஒரே ஒரு வரி. நான் எடுத்துக் கொடுக்கிறதுக்குள்ள உங்க லிந்தார்ட் ஜனங்க பக்கம் திரும்பி, பொறுத்துக்குங்க, இவன் சம்சாரம் குழிக்குள்ள மாட்டிக்கிட்டா, வீட்டுலயும் அவதான் பேசுவான்னாரு. கொட்டகையே சிரிச்சுச்சு. அக்செலும் சிரிச்சாரு. வேற என்ன செய்வாரு?

அடுத்த வருஷத்துக்கு அவர எடுக்கல. இந்தாளோட மேடையேற மாட்டேன்னு லிந்தார்ட் சொல்லிட்டாரு, போதாதா? அக்செல் எஸ்பியேர் துறைமுகத்துக்குப் போய் மீன் பெட்டி தூக்கினாரு. சனிக்கிழமை வீட்டுக்கு வருவாரு, பேச மாட்டாரு. ஆறாவது வருஷம் போய்ச் சேந்தாரு. பேப்பர்ல ரெண்டு வரி போட்டாங்க, அதுலயும் பேரத் தப்பா.

நான் ஏன் அங்கயே இருந்தேனா? எனக்கு வேற என்ன வேலை தெரியும், சொல்லுங்க. காபியக் குடிங்க, ஆறிப் போகுது.

அதுக்குத்தான் வர்றேன், அவசரப்படாதீங்க. அந்த மௌனத்தப் பத்திக் கேக்காம யாரும் இந்தப் படி இறங்கினதில்ல. அந்த நாடகத்துல மக செத்த சேதி வந்ததும் லிந்தார்ட் நடிக்கிற அப்பன் நாப்பது வினாடி பேசாம நிப்பான். நடிப்போட சிகரம்னு பேப்பர்ல எழுதினாங்க. அவருக்குப் பதக்கம் குடுத்ததுகூட அதுக்குத்தான்.

அது மொத தடவ நடந்தது ஒரு ஞாயித்துக்கிழமை, மதியக் காட்சியில. அன்னைக்கு அவருக்கு எழுபது முடியுது. காட்சிக்கு முன்னாடி கேண்டீன்ல குட்டிக் குட்டிக் கொடி குத்தின கேக்கு, நான்தான் வெட்டிக் குடுத்துக்கிட்டிருந்தேன். அவரு சாராயக் கிளாஸத் தூக்கிட்டு ஒரு பழைய கதைய எடுத்து விட்டாரு. அக்செல் கதை. அக்செல் மாதிரியே வாயப் பொளந்து, முழிச்சு, நடிச்சுக் காட்டினாரு. அப்படியே இருந்துச்சு தம்பி, அதுதான் கொடுமை. புதுசா வந்த நடிகருங்க விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. நான் அங்க நிக்கிறதே அவருக்கு உறைக்கல. சிரிச்சுக்கிட்டே என்கிட்ட தட்ட நீட்டி, கெர்தா, இன்னொரு துண்டு வைன்னாரு.

வச்சேன்.

மூணாவது அங்கம். சேதி வந்தாச்சு. வாயத் தொறந்தாரு, ஒண்ணும் வரல. குழியப் பாத்தாரு. நானும் அவரப் பாத்தேன். பாத்துக்கிட்டே புஸ்தகத்த மூடி மடியில வச்சேன்.

ஆமா, வேணும்னேதான். எதுக்கு முழிக்கிறீங்க? எழுதுங்க.

கண்ணுல ஒரு பயம் வந்துச்சு பாருங்க, அப்படியே தண்ணி தளும்பிடுச்சு. இப்பச் சிரிப்பாங்க, இப்பச் சிரிப்பாங்கன்னு நான் காத்துக்கிட்டிருக்கேன். என் முதுகுக்குப் பின்னாடி ஜனங்க விசும்புறது கேக்குது. கடைசியில கூட நடிச்ச பொண்ணு தன் வரியச் சொல்லி இழுத்துக்கிட்டுப் போச்சு. முடிஞ்சதும் மொத்தக் கொட்டகையும் எந்திரிச்சு நின்னு தட்டுது.

திரை விழுந்ததும் நேரா என்கிட்ட வந்தாரு. அத்தன பேரு முன்னாடி என் கையில முத்தம் குடுத்து, எங்க வாய மூடணும்னு இவளுக்குத்தான் தெரியும்னாரு. புரிஞ்சு சொன்னாரா புரியாமச் சொன்னாரா, இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

மறுநாளே டைரக்டர் உத்தரவு போட்டுட்டாரு. ஒவ்வொரு காட்சியிலயும் அந்த எடத்துல கெர்தா மனசுக்குள்ள நாப்பது எண்ணணும், அப்புறம்தான் வரிய எடுத்துக் கொடுக்கணும்னு.

நூத்திப் பதினோரு காட்சி. எண்ணினேன்.