அந்தரத்தில் வைத்த பேர்

— மறுபடி சொல்லு கலியோப்பி. கப்பல் இரைச்சல்ல சரியா காதுல விழல.

— நல்லாத்தான் விழுந்துச்சு, ராசா. உன் மூஞ்சியே சொல்லுது. நம்ம பையனுக்கு ஏற்கனவே பேர் வச்சாச்சு.

— எப்படி வச்சாச்சு? ஞானஸ்நானமே இன்னைக்கு சாயங்காலம்தானே? அதுக்குத்தானே சைரோஸ்லேருந்து இந்தக் காத்துல குடலைப் புரட்டிக்கிட்டு வந்துட்டிருக்கோம்?

— பிப்ரவரியில வச்சது. பொறந்த அன்னைக்கே. ரெண்டு மாசம் முந்தி வந்துட்டானா, உடம்பெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. மூச்சே இல்ல. பாதிரியாரைக் கூட்டிட்டு வர நேரமில்ல, மூணு தடவை அந்தரத்துல தூக்கிப் பேரைச் சொல்லிடுங்கன்னு நர்ஸ் சொன்னா. பேரில்லாம புதைக்கக் கூடாதுல்ல. அதான்.

— ஆஸ்பத்திரிக்கு ஓடினது தெரியும். மூச்சு நின்னது தெரியும். இது மட்டும் எனக்கு ஏன் தெரியாது?

— நீ நைஜீரியாப் பக்கம் எங்கயோ கப்பல்ல இருந்தே. போன் பாதி வார்த்தையை முழுங்கிடும். அதுல போய் இதைச் சொல்றதா?

— நான் வீட்டுக்கு வந்து மூணு வாரம் ஆச்சு.

— மூணு வாரமும் சொல்ல வாயெடுத்தேன். பயமா இருந்துச்சு. இப்ப நக்சோஸ் தீவும் தாண்டியாச்சு, இனி நீச்சலடிச்சாத்தான் தப்பிக்க முடியும். அதான் சொல்லிட்டேன்.

— சரி. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. என்ன பேரு?

— ஸ்டமாத்திஸ் இல்ல.

— அம்மா தாயே, கார் டிக்கியில வர்றவங்களுக்குக் கொடுக்க இருநூறு பொட்டலம் பாதாம் மிட்டாய் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஸ்டமாத்திஸ்னு நீல எழுத்துல அச்சடிச்சிருக்கு. நீதானே கூட உக்காந்து ரிப்பன் கட்டினே?

— கட்டினேன். ஒவ்வொரு முடிச்சும் என் கழுத்துல விழுந்த மாதிரி இருந்துச்சு.

— மூத்த பேரனுக்குத் தாத்தா பேரு. அப்பா வழித் தாத்தா பேரு. அமோர்கோஸ்ல கழுதைக்குக்கூட இது தெரியும்.

— எங்க தீவுக் கழுதைக்கும் தெரியும். நான் ஒண்ணும் நிலாவுலேருந்து குதிச்சு வரல.

— அப்ப உங்கப்பா பேரை வச்சுட்டே. அதானே?

— எங்கப்பா பேர்ல ஏற்கனவே மூணு பேரன் இருக்கான். கிறிஸ்துமஸ் சாப்பாட்டுல ஒருத்தனைக் கூப்பிட்டா நாலு தலை திரும்புது. அஞ்சாவது எதுக்கு?

— பின்ன ஏன் சொல்ல மாட்டேங்குற?

— சொல்ல வேண்டியது நான் இல்ல.

— இத பாரு, புதிர் போடாத. கால் மணி நேரத்துல எங்க ஊரு கட்டப்போலா துறை வந்துடும். ஒரு வழி இருக்கு. யார்கிட்டயும் மூச்சு விடாத. பாதிரியார் தண்ணியில முக்கி ஸ்டமாத்திஸ்னு சொல்லட்டும். எல்லாரும் கைதட்டுவாங்க, சாப்பிடுவாங்க, போயிடுவாங்க.

— பையன் சட்டையைக் கழட்டுறதுக்கு முன்னாடியே பாதிரியார் கேப்பாரு, உயிருக்குப் பயந்து ஏற்கனவே பேர் சொல்லியிருக்கான்னு. சொல்லியிருந்தா அது சொன்னதுதான். அப்புறம் ஆயர் வந்தாலும் மாத்த முடியாது. என்னைக் கோயில்ல நின்னு பொய் சொல்லச் சொல்றியா?

— பொய் எதுக்கு? வாயைத் திறக்காம இரு.

— முடியாது. அந்தப் பேரைச் சொல்லித் தூக்கின பிறகுதான் இவனுக்கு மூச்சு வந்துச்சு, லூக்காஸ். மூணாவது தடவை தூக்குறப்ப அழுதிருக்கான். அந்தப் பேரை அழிக்கிறதுக்கு எனக்கு மனசு வராது. நீ என்ன திட்டினாலும் சரி.

— உனக்கு எங்கப்பாவை முதல்லேருந்தே பிடிக்காது.

— பிடிக்காதுதான். என் சமையல்ல உப்பு பார்க்காம உப்பு போடுவாரு. ஆனா இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

— எழுபத்தொம்பது வயசு அவருக்கு. இந்த ஆயுசுல அவர் ஆசைப்பட்டது ரெண்டு. ஒண்ணு அவர் படகு. இன்னொண்ணு, தன் பேரு தனக்கப்புறமும் இருக்கணும்ங்கறது. படகு போச்சு. இதையும் நீ பிடுங்கிட்டே.

— படகு தானா போகல. உங்கண்ணன்...

— அந்தப் பேச்சை எடுக்காத.

— பன்னெண்டு வருஷமா யாரும் எடுக்கல. உங்க வீட்டுச் சுவத்துல அவர் போட்டோ இருந்த இடம் மட்டும் வெள்ளையா இருக்கு. அதைப் பார்க்காம எல்லாரும் எப்படிச் சாப்பிடுறீங்கன்னு எனக்கு இன்னிக்கும் விளங்கல.

— உனக்கு என்ன தெரியும்? அப்பா இருதய ஆபரேஷனுக்கு ஏதென்ஸ்ல கெடந்தாரு. அண்ணன் அந்த நேரம் பார்த்து, மீன்பிடி லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்குற அரசாங்கத் திட்டத்துல அப்பாவுக்குப் பதிலா கையெழுத்து போட்டுட்டான். படகையும் உடைக்கணும்ங்கறது அதுல சட்டம். அப்பா திரும்பி வந்து கப்பல்லேருந்து இறங்குறாரு, துறையில மண் அள்ளுற இயந்திரம் படகு மேல நிக்குது. அப்பாவோட தாத்தா காலத்துப் படகு. கண்ணு முன்னாடி விறகாச்சு. அன்னைக்கு எல்லார் எதிர்லயும் சொன்னாரு, எனக்கு ஒரே மகன்தான், அவன் பேரு லூக்காஸ்னு.

— கையெழுத்து போட்டது, அந்த இருதயத்தோட உங்கப்பா மறுபடி கடலுக்குப் போயிடக் கூடாதுன்னு.

— அவன் அப்படித்தான் சொன்னான். அப்பா கேக்கல. அவன் பிரேயுஸ்ல கப்பல் பட்டறையில விழுந்து செத்தப்ப அடக்கத்துக்கும் போகல.

— நீ போனியா?

— ...போகல. அப்பா மூஞ்சியைப் பார்த்துட்டு வீட்லயே உக்காந்துட்டேன். வெக்கமா இருக்கு, போதுமா? இன்னிக்கு வரைக்கும் வெக்கமா இருக்கு.

— குத்திக்காட்டக் கேக்கல, ராசா.

— இரு, போன் அடிக்குது. அப்பாதான். ஹலோ... ஆமாப்பா, காத்து பலமாத்தான் இருக்கு. பையன் அவ மடியில தூங்குறான்... ரெண்டு ஆடா? ஒண்ணு போதாதா?... ஊரே வருதா. சரி, சரி... ஞானத்தகப்பன் வந்தாச்சா... அவகிட்டயா? எதுக்கு?... இந்தா, உன்கிட்ட பேசணுமாம். ஏதாவது உளறி வைக்காத.

— சொல்லுங்க மாமா... இப்பதான் பாதி சொன்னேன்... இல்ல, அதைச் சொல்லல... நான் சொல்ல மாட்டேன் மாமா, நீங்கதானே சொல்றேன்னீங்க... ஆறு மாசமா இதையேதான் சொல்றீங்க... மாமா, அழாதீங்க. நெஞ்சு வலிக்கப் போகுது. உக்காருங்க முதல்ல... சரி. நான் சொல்லிடறேன். வைக்கிறேன்.

— எங்கப்பா அழுதாரா?

— ஆமா.

— அம்மா செத்தப்பகூட அந்த மனுஷன் கண்ணுல தண்ணி பார்க்கல. பேர் விஷயம் அவருக்குத் தெரியுமா? நீ அவர்கிட்ட சொல்லிட்டு என்கிட்ட மறைச்சியா?

— நான் அவர்கிட்ட சொல்லல. அவர்தான் எனக்குச் சொன்னாரு.

— தலையும் புரியல வாலும் புரியல.

— யோசிச்சுப் பாரு. அன்னைக்கு நான் மயக்கத்துல கெடந்தேன், வயித்தைத் தச்சுட்டிருந்தாங்க. நான் எப்படி எந்திரிச்சு குழந்தையைத் தூக்கியிருப்பேன்? எங்க வீட்டாளுங்க எல்லாம் ஆபரேஷன் ரூம் வாசல்ல. உங்கப்பா கண் டாக்டரைப் பார்க்க சைரோஸ் வந்து நம்ம வீட்ல தங்கியிருந்தாரே, அவர் ஒருத்தர்தான் குழந்தை பக்கத்துல நின்னாரு. நர்ஸ் அவர் கையிலதான் கொடுத்தா.

— அப்பாவா தூக்கினாரு?

— மறுநாள் என் கட்டில்கிட்ட உக்காந்து, நீதான் பேர் வச்சேன்னு சொல்லிடும்மான்னு கெஞ்சினாரு. சரின்னேன். அப்புறம் அவரே, வேணாம், லூக்காஸ்கிட்ட நானே சொல்றேன்னாரு. ஒவ்வொரு வாரமும் போன்ல சொல்வாரு, அடுத்த வாரம் சொல்றேன்னு. ஊருக்குப் பயந்து ஆடு வாங்கினாரு, மிட்டாய்க்கு ஆர்டர் கொடுக்கச் சொன்னாரு. நீ திட்டுறதை நான் வாங்கிக்கிட்டேன். இனி முடியல.

— கார் வச்சிருக்கறவங்களைக் கீழ இறங்கச் சொல்றாங்க.

— இறங்கு. துறை தெரியுது. முன்னாடி தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறாரு பாரு.

— கலியோப்பி, அவரே தூக்கியிருந்தா அவர் பேரைத்தானே சொல்லியிருப்பாரு? அதுக்குத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தாரு? வேற என்ன பேரு அவர் வாயில வரும்?

— நிக்கித்தாஸ். உங்கண்ணனைக் கூப்பிட்டுத்தான் உங்கப்பா பிள்ளையைப் பிழைக்க வச்சாரு.